அம்மா கூட்டிய பனி

சித்திரை வருடப் பிறப்புக்கு மறுநாள், கனடாவில், மாதக்கணக்கில் மங்கிக் கிடந்த ஸ்காபரோவில் முதன்முறையாக முழு வெயில் விழுந்த காலையில், என் கறுப்புக் காரின் பொனற், அதாவது முன்புற மூடி, முழுவதும் அரைவட்ட அரைவட்டமாகக் கீறல்கள் ஓடியிருப்பதைக் கண்டேன். விடியற்காலையில் ஈர்க்குமாற்றால் முற்றம் கூட்டிய பின் மணலில் கிடக்குமே, அதே கோடுகள்தாம். அந்தக் கைவீச்சு யாருடையது என்பதை ஒரு கணத்திலேயே அறிந்துகொண்டேன்.

பெப்ரவரியில் பெரும் பனி கொட்டிய ஒரு நாள், இரவு வேலை முடித்து வந்து நான் உறங்கிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்து நான்கு மாதங்களே ஆகியிருந்த அம்மா, பிள்ளை எழும்பிக் குளிரில் நிற்கக் கூடாதென்று எண்ணி, வீட்டுத் தும்புத்தடியை எடுத்துப்போய்க் காரைச் சுத்தமாகக் கூட்டி வைத்திருந்தார். பனி மட்டும் என்றால் இவ்வளவு கீறியிராது. வீதிக்குப் போடும் உப்பும் மண்ணும் அதற்கடியில் ஒட்டிக் கிடந்திருக்கின்றன. அவற்றைத் தும்பு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

முதலில் விசாரித்த திருத்தகத்தில் பொனற் முழுவதையும் மீண்டும் பெயின்ற் அடிக்க வேண்டும் என்றார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தத்தைத் தந்தது, ஏனெனில் தேவையற்ற வேலை அது. கீறலின் குறுக்கே நகத்தை மெல்ல இழுத்துப் பார்த்தேன். ஒன்றைத் தவிர வேறெதிலும் நகம் மாட்டவில்லை. தண்ணீர் ஊற்றியதும் கோடுகள் மறைந்தன, காய்ந்ததும் திரும்பி வந்தன. நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர்கோட் என்னும் கண்ணாடி போன்ற பூச்சில்தான் கீறல் இருக்கிறது, அதன் ஓரங்களில் ஒளி சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது என்பதற்கு இந்த இரண்டு சோதனைகளும் போதும்.

அப்பாவின் காரில் அப்படி ஒரு பூச்சு இருந்ததில்லை. 1990களில், ஊரில் போரால் பெற்றோல் கிடைக்காத காலத்திலும் மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பச்சை நிற ஏ-40 ஒஸ்ரினை, ஞாயிறு தோறும் வேப்ப மர நிழலில் நிறுத்தி அவர் மினுக்குவார். துடைக்கும் துணியில் பச்சை ஏறத் தொடங்கியதும், "காணும் தம்பி, இனித் தேய்ச்சா கார் துணியிலதான் இருக்கும்" என்று என் கையைப் பிடித்து நிறுத்துவார். இங்கே துணி வெள்ளையாகவே இருக்கிறது. எவ்வளவு தேய்ந்தது என்பதைச் சொல்ல எதுவும் இல்லை என்பதால்தான் இந்த வேலையில் கவனம் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. அந்தப் பூச்சின் தடிப்பு பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன் வரைதான், ஒரு தலைமயிரைவிடக் குறைவு. கீறலை நாம் நிரப்புவதில்லை; அதைச் சுற்றியுள்ள பூச்சைக் கீறலின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்குகிறோம். வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கி நிறத்தைக் காப்பதும் அதே பூச்சுத்தான். ஆகவே பற்பசையால் தேய்த்தால் போய்விடும் என்று நண்பர்கள் சொன்னபோது நான் கேட்கவில்லை. எவ்வளவு கரகரப்பானது என்று தெரியாத ஒன்றைக் காரில் வைத்துத் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கராஜின் நிழலில், உலோகம் குளிர்ந்திருந்த நேரத்தில் தொடங்கினேன். ஷாம்புத் தண்ணீருக்கு ஒரு வாளியும், துணியை அலச இன்னொரு வாளியும் வைத்து இருமுறை கழுவினேன். பின்பு காருக்கென்றே விற்கும் களிமண் கட்டியை வழுக்கும் திரவத்தோடு மெல்லத் தேய்த்து, கழுவியும் போகாமல் ஒட்டியிருந்த துகள்களை எடுத்தேன். இதைச் செய்யாமல் பொலிஷ் போட்டால் அத்துகள்களே புதிய கீறல்களைப் போட்டுவிடும். பூச்சு மெலிந்திருக்கும் விளிம்புகளை மறைத்து ஒட்டுநாடா ஒட்டினேன். இருப்பவற்றில் மிக மென்மையான பொலிஷையே முதலில் எடுத்து, இரண்டடிக்கு இரண்டடியாகப் பிரித்து, நண்பரிடம் இரவல் வாங்கிய மெஷினால் மெதுவாகத் தேய்த்தேன். ஒவ்வொரு பகுதியையும் அல்கஹோல் கலந்த தண்ணீரால் துடைத்துப் பார்த்தேன், ஏனெனில் பொலிஷிலுள்ள எண்ணெய் கீறலை மூடிவைத்து, போய்விட்டது என்று நம்மை நம்பவைத்துவிடும்.

பதினொரு ஆண்டுகளில் இந்த நாடு எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. பனியும் இருட்டும் இப்போது என்னை எதுவும் செய்வதில்லை. ஆனால் பொலிஷின் மணம் எழுந்ததும், வேப்பம் பூ உதிர்ந்து கிடந்த அந்த முற்றத்தில், சுருட்டிய சாரத்தோடு குனிந்து நின்ற அப்பாவின் முதுகுதான் கண் முன்னே வந்தது. மெஷினை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் இருந்துவிட்டேன்.

நகம் மாட்டிய அந்த ஒரு கீறலை அப்படியே விட்டேன். அதை எடுக்கப் போனால் பூச்சே போய்விடும்.

தேநீரோடு வந்த அம்மா, என்ன நடந்தது என்று கேட்டார். உப்பு அரித்துவிட்டது என்றேன். அது முழுப் பொய்யும் அல்ல. பின்பு, தும்புத்தடி சாத்தியிருந்த இடத்தில் வைப்பதற்காக வாங்கி வந்த, மெத்தென்ற நுரைத் தலை கொண்ட பனி தள்ளும் கோலை அவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில ஒரு தும்பும் இல்லையே, தம்பி. இது என்னத்தைக் கூட்டும்?"