‘டெலிகாடெசென்’ வீட்டைத் தேடிப் பாரிஸ் போகிறவர்களுக்கு

பயணச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டிய விஷயம் இது. ‘டெலிகாடெசென்’ என்ற பிரெஞ்சுப் படத்தில் மஞ்சள் மூடுபனிக்குள் ஒற்றையாக நிற்கிறதே, அந்தக் கறிக்கடை வீட்டைத் தேடிப் பாரிஸ் தெருக்களில் யாரும் கால் கடுக்க நடக்க வேண்டாம். அப்படி ஒரு வீடு எந்தத் தெருவிலும் இல்லை. அது கலை இயக்குநர்கள் கட்டிய உலகம். ழான்-ஃபிலிப் கார்ப், மில்யென் க்ரெகா க்ளியாகோவிச் ஆகிய இருவருக்கும் 1992-இல் பிரெஞ்சு சினிமாவின் செசார் விருது வாங்கித் தந்தது அந்த வேலைதான். ‘படம் எடுத்த கட்டடம் காட்டுகிறேன்’ என்று யாராவது காரில் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள். அந்தக் காசில் இரண்டு நாள் சாப்பிடலாம்.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1991-இல் வந்தது. ழான்-பியேர் ழெனே, மார்க் காரோ இருவரும் சேர்ந்து இயக்கிய முதல் முழுநீளப் படம். 99 நிமிடம். உணவு தீர்ந்துபோன ஒரு காலம், தானியம்தான் பணம். கீழே கறிக்கடை, மேலே குடித்தனங்கள். எடுபிடி வேலைக்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்து வரவழைத்து, கொஞ்ச நாளில் வந்தவனையே வெட்டி எடை போட்டு விற்கிறார் கடைக்காரர். அப்படி வந்து சேரும் பழைய சர்க்கஸ் கோமாளி மேல் கடைக்காரரின் மகளுக்குக் காதல் வந்துவிடுகிறது. இவ்வளவு கொடூரமான கதைக்கு வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறார்கள். ழெனே ஒரு கறிக்கடைக்கு மேல் குடியிருந்த காலத்தில் காலையிலேயே கத்தி விழும் சத்தம் கேட்குமாம். குடியிருப்பவர்களைத்தான் வெட்டுகிறான் போல என்று அவருடைய காதலி விளையாட்டாகச் சொன்னதிலிருந்து பிறந்தது இந்தக் கதை.

வீடு இல்லை என்பதற்காக அந்த உலகம் இல்லை என்றாகாது. ராட்டினம், சாக்கடை, கறிக்கடை என்று மூன்று இடங்களில் அது உயிரோடு இருக்கிறது.

போக்குவரத்துக் கணக்கை முதலில் முடித்துவிடலாம், காசு கரைவது அங்கேதான். 2025 கட்டணப்படி மெட்ரோ டிக்கெட் 2.50 யூரோ. சார்ல் தெ கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர 13 யூரோ. சாதாரண டிக்கெட்டில் அந்த வழியில் போய் மாட்டினால் அபராதம்தான். டிக்கெட்டை ஏற்றிக்கொள்ளும் ‘நாவிகோ ஈஸி’ அட்டை 2 யூரோ. ஒரே அட்டையை இரண்டு பேர் தட்டிவிட்டுப் போக முடியாது, ஆளுக்கொன்று வாங்க வேண்டும். மெட்ரோவுக்கு எடுத்த டிக்கெட் பேருந்தில் செல்லாது. வாரப் பாஸ் 2025-இல் 31.60 யூரோ, அதற்கான ‘நாவிகோ டெகூவெர்த்’ அட்டை 5 யூரோ. இரண்டரைக்கு மூன்று சென்டிமீட்டர் அளவில் ஒரு புகைப்படம் ஊரிலிருந்தே எடுத்துப் போய்விடுங்கள். இந்தப் பாஸில் விமான நிலையப் பயணமும் அடக்கம். போக வர 26 யூரோவும் ஈஸி அட்டையின் 2 யூரோவும் மிச்சமாவதால், மேற்கொண்டு நான்கு தடவை மெட்ரோ ஏறினாலே பாஸ்தான் லாபம். ஆனால் அது திங்கள் முதல் ஞாயிறு வரை மட்டும் செல்லும், வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்று கணக்கில்லை. சனிக்கிழமை போய் இறங்குகிறவருக்கு அந்த வார இறுதியில் இது உதவாது.

டாக்சி பற்றிக் கோபமாகவே ஒரு வார்த்தை. சார்ல் தெ கோலிலிருந்து செய்ன் நதியின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65 யூரோ என்பது 2025-இல் அரசு நிர்ணயித்த நிலையான கட்டணம். பெட்டிக்கு, இரவுக்கு, நெரிசலுக்கு என்று ஒரு சென்ட் கூடக் கூட்டக் கூடாது. வருகைக் கூடத்துக்குள்ளேயே வந்து “டாக்சி, டாக்சி” என்று காதோரம் முணுமுணுப்பவர்கள் உரிமம் உள்ளவர்கள் அல்லர். அவர்கள் வாயில் வருவதெல்லாம் இதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. திரும்பிப் பார்க்காமல் வெளியே போய் வரிசையில் நில்லுங்கள். கூரையில் விளக்குப் பலகை இல்லாத வண்டியில் ஏறவே வேண்டாம்.

இனி ராட்டினம். மெட்ரோ 14-ஆம் தடத்தில் கூர் சேன்-எமிலியோன் நிலையத்தில் இறங்கினால் பழைய ஒயின் கிடங்குகள். அவற்றுக்குள் இருக்கிறது ‘மியூசே தேஸ் ஆர் ஃபொரேன்’, திருவிழாப் பொருள்களின் அருங்காட்சியகம். மற்ற அருங்காட்சியகங்களைப் போல டிக்கெட் வாங்கி நுழைய முடியாது. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு குழுவாகத்தான் போக வேண்டும், சுமார் ஒன்றரை மணி நேரம். விளக்கம் பெரும்பாலும் பிரெஞ்சில்தான். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, இங்கே பொருள்களே பேசும். வழிகாட்டியின் பின்னால் போக வேண்டாம் என்றால் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நடக்கும் ‘ஃபெஸ்திவல் து மெர்வெய்யே’ சமயத்தில் போகலாம்.

அங்கே 1897-ஆம் வருடத்து மிதிவண்டி ராட்டினம் ஒன்று இருக்கிறது. மோட்டார் கிடையாது. வட்டமாகக் கோத்த மிதிவண்டிகளில் ஏறி எல்லோரும் மிதித்தால்தான் சுற்றும். நான்கு பேர் சோம்பினால் மற்றவர்கள் முழங்காலில் பாரம் ஏறும். நான்கு பேர் வெறிபிடித்து மிதித்தால் சோம்பேறியின் காலையும் பெடலே இழுத்துச் சுற்றும். ஏறி உட்கார்ந்தவருக்கு ‘டெலிகாடெசென்’ படத்தின் கட்டில் காட்சி நினைவுக்கு வராமல் இருக்கவே முடியாது.

அந்தக் காட்சியைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. கறிக்கடைக்காரரின் கட்டில் ஸ்பிரிங் கிரீச்சிடத் தொடங்குகிறது. அந்தத் தாளத்துக்கு ஒரு வீட்டில் செல்லோ வாசிப்பு, ஒரு வீட்டில் கம்பளத்தை அடித்துத் தூசி தட்டுதல், ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார், கிழவி பின்னல் போடுகிறாள், கோமாளி கூரைக்குப் பெயின்ட் அடிக்கிறான். கட்டில் வேகமெடுக்க எடுக்க மொத்த வீடும் வேகமெடுக்கிறது. யாருக்கும் தெரியாமல் எல்லோரும் ஒரே அச்சில் மாட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள். அந்த மிதிவண்டி ராட்டினத்தின் இயக்கமும் இதேதான். ழெனேயும் காரோவும் 1980-இல் எடுத்த பொம்மை அனிமேஷன் குறும்படத்தின் பெயரே ‘லெ மனேழ்’, அதாவது ராட்டினம். 1981-இல் அதற்கும் செசார் கிடைத்தது. ஆக, ராட்டினம் இவர்கள் சினிமாவில் முதலிலிருந்தே சுற்றிக்கொண்டிருக்கிறது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில், 51 ரூ தெ பெர்சியில், சினிமதேக் என்ற திரைப்படக் காப்பகம். சினிமா முன்னோடி ஜார்ஜ் மெலியேஸ் அருங்காட்சியகம் அதற்குள்தான். செவ்வாய்க்கிழமை விடுமுறை. நேரம் இருந்தால் போங்கள்.

படத்தில் பூமிக்கடியில் ஒரு கூட்டம் வாழும். ரப்பர் உடையும் தலை விளக்குமாகத் தானியம் திருடித் திரியும் சைவர்கள். அவர்கள் இடத்தைப் பார்க்க வேண்டுமா? மெட்ரோ 9-ஆம் தடத்தில் அல்மா-மார்சோவில் இறங்கி, பாலத்தைத் தாண்டினால் பாரிஸ் சாக்கடை அருங்காட்சியகம். 2025-இல் நுழைவு 9 யூரோதான். எலும்புக் குகையான கட்டகோம்புக்கு அப்போது இதுபோல் மூன்று மடங்குக்கு மேல் வாங்கினார்கள். இந்தப் படத்துக்காகப் போகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. சாக்கடை அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும். பலத்த மழை பெய்தாலும் மூடிவிடுவார்கள், ஏனென்றால் இது ஓடிக்கொண்டிருக்கும் நிஜச் சாக்கடை. நாற்றம் உண்டு, பத்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். தரை ஈரம், வழுக்காத செருப்பு அவசியம்.

மேலே உள்ள தெருவின் பெயர்ப்பலகை கீழேயும் அதே இடத்தில் மாட்டியிருப்பதைப் பாருங்கள். சுத்தம் செய்யும் பெரிய உருண்டையைத் தவறவிடாதீர்கள். குழாயின் விட்டத்தைவிடச் சற்றுச் சிறிய பந்து அது. பின்னால் தேங்கும் தண்ணீர் அதைத் தள்ளும், பந்துக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள குறுகலான இடைவெளியில் தண்ணீர் வேகமெடுத்துப் பாயும், அந்த வேகமே படிந்த மணலை அரித்து முன்னால் கொண்டுபோகும். இதைக் காரோ கனவில் கண்டு வரைந்தார் என்று சொன்னாலும் நம்பலாம், அப்படி ஒரு கருவி!

இப்போது சாப்பாடு. பாரிஸில் மிகச் சிறந்த சாப்பாடு உணவகத்தில் இல்லை, ‘ஷார்குத்ரி’யில் இருக்கிறது. ‘பூஷ்ரி’ என்றால் பச்சைக் கறி விற்கும் கடை. ‘ஷார்குத்ரி’ என்றால் சமைத்த, பதப்படுத்திய இறைச்சி, பெரும்பாலும் பன்றி. அரைத்த இறைச்சியை மாவுக்கூட்டுக்குள் வைத்துச் சுட்ட பாத்தே, கொழுப்பில் நெடுநேரம் வெந்து நார் நாராகப் பிரியும் ரிய்யெத், ரத்தத்தில் செய்த பூதேன் நுவார். ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குப் பூதேன் முதல் வாயிலேயே பிடிக்கும். ஆந்துயேத் என்பது குடல். மணம் கடுமையாக இருக்கும், தெரிந்தே வாங்குங்கள்.

வாங்கும்போது ஏமாறுவது விலைச்சீட்டில்தான். ஒன்றில் கிலோ விலை இருக்கும், பக்கத்தில் உள்ளதில் ஒரு துண்டின் விலை இருக்கும். “ஒரு துண்டு” என்று மட்டும் சொன்னால் உள்ளங்கை கனத்துக்கு வெட்டி எடைபோட்டுவிடுவார்கள். கத்தியை வைத்துக் காட்டும்போதே “ப்ளூ ஃபேன்” என்று சொல்லிவிடுங்கள், மெல்லிசாக வெட்டுவார்கள். ஒருவருக்கு நூறு கிராம் ரிய்யெத், ஒரு ‘திரதிசியோன்’ ரொட்டி, கொஞ்சம் குட்டி வெள்ளரி ஊறுகாய், துருவிய காரட் சாலட். இதை எடுத்துக்கொண்டு சேன்-மார்த்தேன் கால்வாய்க் கரையில் உட்காருங்கள். உணவகத்தில் உட்கார்ந்தால் ஆகும் செலவில் பாதிகூட வராது. பல கடைகள் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை மூடும், ஞாயிறு பிற்பகலும் திங்களும் திறக்காது.

சைவர்கள் பயறு சாலட் வாங்கலாம். ஆனால் “சான் லார்தோன்?” என்று கேட்காமல் வாங்காதீர்கள், பன்றிக்கொழுப்புத் துண்டுகள் கலந்திருக்கும். எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாலும் “உய்ன் காராஃப் தோ” என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் இலவசம். பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால் திருப்பிக் கொடுங்கள்.

கடைசியாக, டிவிடி வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பிரெஞ்சுப் பதிப்புகள் மண்டலம் 2, இந்தியா மண்டலம் 5. ப்ளூ-ரேயில் அங்கே பி, இங்கே சி. மண்டலப் பூட்டில்லாத பிளேயர் வீட்டில் இல்லையென்றால் தட்டு ஓடாது. பின்னட்டையில் ‘சூ-தித்ர்’, அதாவது வசனவரி, என்ற இடத்தைப் பாருங்கள். பல பதிப்புகளில் காது கேளாதோருக்கான பிரெஞ்சு வசனவரி மட்டுமே இருக்கும். திரையரங்கில் பார்க்க வேண்டுமானால் ரூ ஷாம்போலியோன் பக்கமுள்ள பழைய அரங்குகளின் பட்டியல் புதன்தோறும் மாறும், ஆனால் பிரெஞ்சுப் படத்துக்கு அங்கே ஆங்கில வசனவரி எதிர்பார்க்க முடியாது. அதற்கு ‘லாஸ்ட் இன் ஃப்ரெஞ்ச்லேஷன்’ நடத்தும் காட்சிகள்தான் வழி. பயணத் தேதியை முடிவு செய்யுமுன் அவர்கள் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.