ஜோங்னோ நாட்குறிப்பு

ஜனவரி 14, செவ்வாய்
அவருக்கு ரத்தத்தில் வெள்ளணு ஏறவில்லை. பொங்கல் வாழ்த்துச் சொல்ல வந்த போன் எதையும் எடுக்கவில்லை.

ஜனவரி 15
ஆஸ்பத்திரியில் அவர் தூங்கினதும் கால் போன போக்கில் நடந்தேன். சியோலின் ஜோங்னோ 5-கா தாண்டி குவாங்ஜாங் சந்தை. மோட்டார் பூட்டிய கல் திருகை; ஊறிய பயத்தம்பருப்பைத் தள்ளத் தள்ள விளிம்பெல்லாம் மாவு வழிந்து தொட்டியில் விழுகிறது. அதோடு பயறு முளை, கிம்ச்சி கலந்து எண்ணெயில் மிதக்கவிட்டால் பிந்தேத்தொக். நம் அடைதான், கொஞ்சம் தடியாக. பன்றிக்கறி உண்டா என்று சைகையில் கேட்டேன். கடைக்கார இமோ (சித்தி மாதிரி, இங்கே கடைக்காரம்மாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) தலையாட்டினதில் உண்டு, இல்லை இரண்டும் இருந்தது. சாப்பிட்டுவிட்டேன். அவருக்குச் சொல்லவில்லை.

ஜனவரி 17, வெள்ளி
மடக்குக் கட்டிலில் தூக்கம் வராமல் போனில் படித்துக்கொண்டிருந்தேன். 1905-இல் நாம்தேமுன் சந்தையில் ஜப்பானியர் கை ஓங்கியபோது, பாக் சுங்-ஜிக் போன்ற உள்ளூர் வியாபாரிகள் சொந்தப் பணம் போட்டு, கம்பெனி தொடங்கி உண்டாக்கியதாம் இந்தக் குவாங்ஜாங் சந்தை. குறித்த நாளில் மட்டும் கூடும் சந்தைகளே வழக்கமாக இருந்த ஊரில் தினமும் திறந்து வைத்தார்கள். அந்த பாக் சுங்-ஜிக் ஜவுளிக்காரர். அவர் கடைதான் பிற்பாடு தூசான் குழுமம் ஆனது. கொரியப் போரில் சந்தை அழிந்தது. அப்புறம் வடக்கிலிருந்து ஓடிவந்தவர்கள் கையில் கிடைத்ததை இங்கே விற்றுப் பிழைத்திருக்கிறார்கள். நாடு ஜப்பான் பிடிக்குள் போகிற வருஷத்தில் சந்தை போட எப்படித்தான் மனசு வந்ததோ!

24-க்குள் ரிப்போர்ட் வந்துவிடும் என்றார்கள்.

ஜனவரி 18
இட்லி வேண்டுமாம்.

ஜனவரி 21
சந்தையில் பரங்கிக்காய்க் கஞ்சி வாங்கிப் போனேன். மஞ்சளாக, கெட்டியாக, நடுவில் அரிசி உருண்டைகள். வெளிச் சாப்பாடு கூடாது என்று நர்ஸ் மறித்தாள். கொதிக்கக் கொதிக்க வாங்கினது என்றேன், நடக்கவில்லை. அவள்மேல் தப்பில்லை, வெள்ளணு இவ்வளவு குறைந்திருக்கும்போது எந்தக் கிருமியும் போதும். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மாடிப்படியில் உட்கார்ந்து நானே குடித்தேன். கோபத்தில் ருசி தெரியவில்லை.

ஜனவரி 24
வரவில்லை. நாளையிலிருந்து 30 வரை ‘சொல்லால்’, அதாவது கொரியப் புத்தாண்டு விடுமுறை. 27-ஐயும் அரசாங்கம் சேர்த்து விட்டிருக்கிறது. ஊருக்கே கொண்டாட்டம்.

ஜனவரி 27, திங்கள்
நல்ல பனி. சந்தையில் நுழைய முடியவில்லை. முன்னோருக்குப் படைக்க, தட்டுத் தட்டாக அடுக்கிய ஜொன் என்கிற மாவில் தோய்த்துப் பொரித்த பலகாரம் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. பெஞ்சுக்குள் ஹீட்டர் வைத்திருக்கிறார்கள், எழுந்திருக்கவே மனசில்லை. திரும்பும்போது சொங்யேசொன் ஓடையோரம் நின்றேன். 1958-இல் மூட ஆரம்பித்து, மேலே ரோடு போட்டு, மேம்பாலமும் கட்டி, எல்லாவற்றையும் இடித்து 2005-இல் மறுபடி தண்ணீர் விட்டார்களாம். கை விறைத்துவிட்டது, வந்துவிட்டேன்.

வெள்ளணு 1,100. நேற்று 900.

ஜனவரி 29
இட்லி, இட்லி, இட்லி. எங்கே போவேன்?

ஜனவரி 31
ரிப்போர்ட் வந்துவிட்டதாம், ஒன்பதரைக்கு டாக்டர் வருவார். கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக் கேள்வி கடைசியில், அதை முதலில் கேட்டால் சிரிப்பார்கள். மணி ஒன்பது நாற்பது.