ஆக்டேவ் உறைந்துவிட்டதா? முதலில் ப்ராம்ப்டைப் பாருங்கள்

அதிர்வு அளவீடுகளை அலசுவது என் வேலை. ஈமாக்ஸ் என்ற உரைத் தொகுப்பானில் மேலே நிரல், கீழே ஆக்டேவ் என்ற கணக்கீட்டு மென்பொருள் என்று வைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பேன். உடன் வேலை செய்யும் ஒருவருக்கும் அதையே பரிந்துரைத்தேன். அவர் ஆக்டேவைத் தொடங்கும் ரன்-ஆக்டேவ் கட்டளையைக் கொடுத்ததும் ஈமாக்ஸ் அப்படியே உறைந்து நின்றது. டெர்மினலிலோ அதே ஆக்டேவ் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

இந்த மாதிரி நேரத்தில் பலர் ஆக்டேவை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. ஈமாக்ஸுக்கும் ஆக்டேவுக்கும் நடுவில் போய்வருவது வெறும் எழுத்துகள்தான். விடை முழுதாக வந்துவிட்டதா என்பதை ஈமாக்ஸ் ப்ராம்ப்டை, அதாவது அடுத்த கட்டளைக்குத் தயார் என்று ஆக்டேவ் காட்டும் குறியை, வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. ‘ஆக்டேவ்:1>’ போன்ற வழக்கமான வடிவங்கள் அதற்குத் தெரியும். ‘>>’ வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். தெரியாத வடிவம் வந்தால், இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்துக்கொண்டே இருக்கும்.

நண்பருடைய ஆக்டேவ்ஆர்சி என்ற தொடக்கக் கோப்பில், ப்ராம்ப்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் பிஎஸ்1 மாற்றப்பட்டிருந்தது: வண்ணத்தோடு கோப்புறையின் பெயர், கடைசியில் ஒரு டாலர் குறி. டெர்மினலில் பார்க்க அழகுதான். ஈமாக்ஸுக்கோ அது தெரியாத வடிவம்.

முதலில் கன்ட்ரோல்-ஜி அழுத்தி வெளியே வாருங்கள். அப்புறம் இன்ஃபீரியர்-ஆக்டேவ்-ஸ்டார்ட்டப்-ஆர்க்ஸ் என்ற மாறியில் ஏற்கெனவே இருப்பவற்றோடு, தொடக்கக் கோப்பைப் படிக்காதே என்று சொல்லும் ‘--நோஆர்சி’யையும் சேர்த்து மறுபடி தொடங்குங்கள். இப்போது ஓடினால் தொடக்கக் கோப்பில்தான் சிக்கல். அழகான ப்ராம்ப்டைக் கைவிட வேண்டியதில்லை. ஈமாக்ஸ் தன் உள்ளே ஓடும் நிரல்களுக்கு இன்சைட்_ஈமாக்ஸ் என்ற சூழல் மாறியைக் கொடுக்கிறது. ஆக்டேவ்ஆர்சியில் கெட்என்வ் மூலம் அதைப் பார்த்து, காலியாக இருந்தால் மட்டும் பிஎஸ்1-ஐ மாற்றும்படி எழுதிவிட்டால் போதும். நண்பருக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன்.

ஆக்டேவ் நிரலே கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் அது வேறு விஷயம். மேக்கில் ஐகானைச் சொடுக்கித் திறந்த ஈமாக்ஸுக்கு ஷெல்லின் பாத் (நிரல்களைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியல்) தெரியாது. ஆக்டேவின் முழுப் பாதையைக் கொடுங்கள். ஆக்டேவின் தனி ஜன்னல் திறந்துகொண்டால் நிரலின் பெயரை ஆக்டேவ்-சிஎல்ஐ என்று மாற்றுங்கள். நீண்ட லூப் ஓடும்போது வரைபடம் புதுப்பிக்கப்படாவிட்டால் நடுவில் ட்ராநௌ என்ற கட்டளையைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

கண்டுபிடிக்கக் கடினமானது நீளமான வரிதான். ஆயிரக்கணக்கான எண்களைச் சதுர அடைப்புக்குள் ஒரே வரியில் வைத்து அனுப்பினால், விடை வராது, அல்லது பாதி வரி வெட்டுப்பட்டுப் பிழை வரும். ஈமாக்ஸ் ஆக்டேவை ‘--நோ-லைன்-எடிட்டிங்’ என்று தொடங்குவதால், வரிகளைச் சேர்த்துக் கொடுக்கும் பொறுப்பு இயங்குதளத்தின் போலி டெர்மினலுக்குப் போகிறது. அது ஒரு வரிக்கு லினக்ஸில் 4096 பைட், மேக்கில் 1024 பைட் வரைதான் தாங்கும். சாதாரண டெர்மினலில் ரீட்லைன் என்ற உள்ளீட்டு நூலகம் ஒவ்வொரு எழுத்தாகத் தானே வாங்கிக்கொள்வதால் இந்த வரம்பு குறுக்கே வருவதில்லை. அதனால்தான் ‘அங்கே ஓடுகிறது, இங்கே ஓடவில்லை’ என்ற குழப்பம் வருகிறது. எண்களைப் பல வரிகளாக உடைத்து எழுதலாம். என்னைக் கேட்டால், தரவைத் தனிக் கோப்பில் வைத்து லோட் செய்வதே நல்லது. அளவீட்டுத் தரவுக்கு நிரலுக்குள் இடமே கொடுக்கக் கூடாது.