மேலோடு ஒருவழியாக நின்றது: சென்னை அடுப்பில் பாஸ்தெல் தெ சோக்லோ

கரண்டியை இறக்கி எடுத்தபோது மேலோடு சரியாமல், அடியிலிருந்த கறியோடு ஒரே துண்டாக எழுந்து வந்தது. இதைப் பார்ப்பதற்காகவே இந்தச் சிலி நாட்டுப் பண்டத்தை இத்தனை நாளாக விடாப்பிடியாகச் செய்துகொண்டிருந்தேன். ஸ்பானியர் கொண்டுபோன மாட்டுக்கறியும் வெங்காயமும் சீரகமும் ஆலிவும் உலர் திராட்சையும் அடியில் இருக்க, அவர்கள் வருவதற்கு முன்பே அம்மண்ணின் மக்கள் அரைத்துச் சமைத்த மக்காச்சோளம் அதை மூடி நிற்கிறது. மேலோட்டில் கோதுமை மாவு சேர்ப்பதில்லை. தாங்கிப் பிடிக்கும் வேலை முழுவதும் சோளத்துடையது.

நம் கடைகளில் எங்கும் கிடைக்கும் ஸ்வீட் கார்னுக்கு அந்த வேலை ஒருபோதும் வராது என்பதை இப்போது உறுதியாகச் சொல்வேன். அதில் சர்க்கரை மாவுச்சத்தாக மாறுவது மரபிலேயே தடைப்பட்டிருப்பதால், எவ்வளவு கிளறினாலும் விழுது இறுகாமல் அடுப்பில் நீர் விட்டு, கறியைக் குழம்பாக்கிவிடுகிறது. சிலியில் பயன்படுவது பெரிய மணிகள் கொண்ட, மாவுத்தன்மை மிகுந்த சோளம். அதற்கு இங்கே நெருங்கி வருவது மெரினாவில் கரியில் சுட்டு, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தடவித் தருகிறார்களே, அந்த நாட்டுச் சோளம்தான். அதிலும் பருவம் பார்க்க வேண்டும். மணியை நகத்தால் கீறினால் தண்ணீராகத் தெறிக்காமல், கெட்டியான பால் மெல்லக் கசிய வேண்டும். பால் பருவம் முடிந்து மாவுப் பருவம் தொடங்கும் அந்த நிலையே சரியானது. கோயம்பேட்டில் மூட்டையைப் பிரிக்கும் விடியற்காலையில் போனால் கதிர் கதிராகப் பார்த்து எடுக்கலாம்.

மணிகளைச் சீவிய பிறகு கத்தியின் முதுகால் கதிரை வழித்து, ஒட்டியிருக்கும் பாலையும் சேர்த்துக்கொள்கிறேன். மிக்சியில் அரைத்தால் தோல் நைந்து விழுது பசையாகிவிடுகிறது. கிரைண்டரில் ரவைப் பதத்தில் நிறுத்துவதே மேல். ஆறு கதிர்களுக்கு 150 மில்லி பாலும் 50 கிராம் வெண்ணெயும் போதும். சிறு தீயில், கேழ்வரகுக் களியைப் போலக் கை ஓயாமல் கிளறி, அகப்பை போன தடத்தில் சட்டியின் அடி ஒரு கணம் தெரிந்த பிறகே இறக்க வேண்டும்.

வாசனைக்குச் சிலியர் சேர்க்கும் இலை நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமே; நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அதன் விதையான சப்ஜாவை மொட்டைமாடித் தொட்டியில் தூவினேன், நன்றாகவே முளைத்தது. சிலியில் பொமைரே என்னும் ஊரின் மட்பாண்டங்களில் இதைப் பரிமாறுவார்கள். எனக்குக் கொசப்பேட்டையில் வாங்கிய அகலமான மீன்குழம்புச் சட்டி அதே வேலையைச் செய்கிறது. இதே விழுதைச் சோளத் தோலில் பொட்டலமாகக் கட்டி வேகவைக்கும் உமிதாவை அடுத்துச் செய்யப்போவதால், இனிமேல் தோல் உரிக்காத கதிர்களையே வாங்குவதாக இருக்கிறேன்.

கறிக்கு எடைக்கு எடை வெங்காயம், காஷ்மீரி மிளகாய்த்தூள், சீரகம். முதல் நாளே வதக்கி வைத்தால் சாறு உள்ளேயே தங்கும். அதன்மேல் அவித்த முட்டைத் துண்டுகள், ஆலிவ், திராட்சை, பிறகு விழுது. மண்சட்டி விரிசல் விடாதிருக்க, அதைக் குளிர்ந்த ஓ.டி.ஜி. என்னும் சிறிய மின் அடுப்பில் வைத்த பிறகே 200 டிகிரிக்குச் சூட்டை ஏற்றுகிறேன். கடைசியில் ஒரு கரண்டி சர்க்கரையைத் தூவி மேல்கம்பியை மட்டும் எரியவிட்டால், அது உருகிப் பழுப்பேறி மெல்லிய தகடாக இறுகுகிறது. என் அடுப்பில் பின்பக்கம் சீக்கிரம் கருகுவதால், சர்க்கரை குமிழிடத் தொடங்கியதும் சட்டியைப் பாதி திருப்பி வைக்கிறேன்.