எனக்கு அக்கி வந்தபோது

போன மார்கழியில் இடது விலா எரிய ஆரம்பித்தது. சட்டை உரசினாலே வலி. தோலில் ஒன்றுமே இல்லை. இடது பக்கம் என்பதால் பயந்துபோய் ஈ.சி.ஜி. எடுத்தேன், சரியாக இருந்தது. வாய்வுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் குளிக்கும்போது பார்த்தால், முதுகிலிருந்து நெஞ்சு வரை பட்டையாகச் சிவந்து, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளங்கள். நடு நெஞ்சைத் தாண்டி ஒன்றுகூட இல்லை.

"இது அக்கிடா, வேளார் வீட்டுல எழுதிட்டு வந்துடலாம்" என்றார் அம்மா. போனோம். மண்பாண்டம் செய்யும் வேளார் கொப்புளத்தின் மேல் குழைத்த காவியால் எழுதிவிட்டார். குளுகுளுவென்று இருந்தது, வலி மட்டும் குறையவில்லை. மறுநாள் மாலை தோல் டாக்டரிடம் போனேன்.

"கொப்புளம் வந்து எத்தனை மணி நேரம் ஆச்சு?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கினால்தான் நல்ல பலனாம். நான் 36 மணி நேரத்தை ஏற்கெனவே விட்டிருந்தேன்.

எட்டு வயதில் எனக்குச் சின்னம்மை போட்டது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு முடிந்தது என்றே நினைத்திருந்தோம். அந்த வைரஸ் போகவேயில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுக்குள் தன் டி.என்.ஏ.வோடு இத்தனை வருடம் அடங்கிக் கிடந்திருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் பெருகி, அதே நரம்பு வழியாகத் தோலுக்கு வந்துவிட்டது. வலி முந்திக்கொண்டதும், கொப்புளம் ஒரு பக்கத்தோடு நின்றதும் அதனால்தான். நெற்றியிலோ கண்ணருகிலோ வந்திருந்தால் பார்வைக்கே ஆபத்து என்றார் டாக்டர்.

அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், தினம் ஐந்து வேளை, ஏழு நாள். கைப்பேசியில் அலாரம் வைத்துத்தான் சமாளித்தேன். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்.

அப்புறம், "வீட்டில் கர்ப்பிணி யாராவது?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தங்கை ஏழு மாதம். கொப்புள நீர் பட்டால், அம்மை போடாதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். அவளுக்குச் சின்ன வயதில் போட்டதா என்று அம்மாவுக்கு நினைவில்லை. பொருக்குக் கட்டும்வரை மாடி அறையிலேயே இருந்தேன். அவளுக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

கொப்புளம் பத்து நாளில் காய்ந்தது. எரிச்சல் போக இரண்டு மாதம் ஆனது, அதற்கு நரம்பு வலி மாத்திரை தனி. ஐம்பது தாண்டியவர்களுக்கு இரண்டு தவணைத் தடுப்பூசி இருக்கிறது. அம்மாவுக்கு 68 வயது. டாக்டரிடம் கேட்டு, போன வாரம் முதல் ஊசி போட்டுக்கொண்டு வந்தோம்.