டிக்கெட் பின்னாடி பாக்கி

29சி-ல கண்டக்டர் இன்னைக்கு மெஷினை நீட்டி "ஸ்கேன் பண்ணுங்க சார்"ன்னாரு, ஜிபே அடிச்சதும் கிர்ருனு ஒரு சீட்டு வந்துச்சு.

திருப்பிப் பாத்தேன், பின்னாடி வெறும் வெள்ளை.

முன்னல்லாம் சில்லறை இல்லன்னா டிக்கெட் பின்னாடி பேனாவால பாக்கிய கிறுக்கித் தருவாங்க, அடையாறு வர்றவரைக்கும் அவரு மூஞ்சியையே பாத்துட்டு, கேக்கவும் கூச்சம் விடவும் மனசில்ல, கடைசில கூட்டத்துல அவரு பின்வாசல்ல நாம முன்வாசல்ல.

2016-ல யுபிஐ வந்தப்போ இது பஸ்ஸு வரைக்கும் ஏறும்னு யாரு நெனச்சா!

நிம்மதிதான், பொய் சொல்லல. ஆனா கலர் கலரா டிக்கெட் கட்டை கையில வச்சுக்கிட்டு, எச்சில் தொட்டுக் கிழிச்சு, கம்பில சாஞ்சுக்கிட்டே மனக்கணக்கு போடுற அந்த வித்தை?

இப்போ நெட் கெடைக்காம வட்டம் சுத்துறப்போ மொத்த பஸ்ஸும் நம்ம போனையே பாக்குது, பக்கத்து சீட்டு அக்கா தானாவே ஹாட்ஸ்பாட் போட்டுக் குடுக்குறாங்க.