கோதுமையை அவசரப்பட்டு நிறுத்தியது என் தப்பு

9 மாதத்தில் என் மகளின் எடை 8.2 கிலோ. 14 மாதத்தில் 8.1. இடைப்பட்ட ஐந்து மாதமும் அவள் சாப்பிட்டாள், பால் குடித்தாள். சாப்பிட்டதெல்லாம் எங்கே போனது என்றுதான் புரியவில்லை. வயிறு மட்டும் பானை மாதிரி முன்னே வந்தது. கை கால் குச்சியாகி, பின்பக்கம் சதை வற்றித் தோல் மடிந்து தொங்கியது. மலம் வெளுத்து, நுரைத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. அந்த நாற்றத்தை எழுதி விளக்க முடியாது; இப்படியொரு பிள்ளையை வளர்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். எல்லாவற்றையும் விட அவள் முகம்தான் என்னைப் பயமுறுத்தியது. சிரித்த முகமாக இருந்த குழந்தை, யார் தூக்கினாலும் உடம்பை முறுக்கிக்கொண்டு சிணுங்கினாள்.

முதலில் பார்த்த மருத்துவர், "பல் முளைக்கிற நேரம், அப்படித்தான் இருக்கும்" என்றார். அடுத்தவர் பூச்சி மருந்து கொடுத்தார். வீட்டில் எல்லோருடைய பார்வையும் என் தட்டின் மேல் விழுந்தது. "நீ சாப்பிடறது ஏதோ பாலில் இறங்கித்தாம்மா பிள்ளைக்கு ஒத்துக்காமப் போகுது" என்றார் மாமியார். கவலையில் சொன்னதுதான். ஆனால் நானும் உள்ளுக்குள் அதையே நினைத்துக்கொண்டிருந்ததால் சுருக்கென்று தைத்தது.

அன்றிலிருந்து என் சாப்பாட்டில் ஒவ்வொன்றாகக் கழித்தேன். முதலில் பால், பிறகு முட்டை, பிறகு கடலை, கடைசியில் கோதுமை. இரண்டு மாதத்தில் நான் 6 கிலோ இறங்கினேன். மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. மகளிடம் ஒரு மாற்றமும் இல்லை. எப்படி இருக்கும்? நான் கோதுமையை விட்டுவிட்டு, சத்தானது என்று அவளுக்கு மட்டும் தினமும் இரண்டு வேளை கோதுமைக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்!

அது உறைத்ததும் அவளுடைய கஞ்சியையும் பிஸ்கட்டையும் நிறுத்தினேன். மூன்றாவது வாரம் மலம் கெட்டியானது. ஒரு நாள் காலையில் எழுந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஜெயித்துவிட்ட நினைப்பில் குழந்தைகளுக்கான குடல் நோய் மருத்துவரிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நிறுத்தி எத்தனை நாளாச்சும்மா?"

"மூணு வாரம், டாக்டர்."

"ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி நிறுத்தியிருக்கக் கூடாது."

அவர் சந்தேகப்பட்டது சீலியாக் நோயை. கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், இந்த நோய் உள்ளவர்களின் உடம்பு தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்கும். கோதுமை ஒவ்வாமை வேறு. அது பெரும்பாலும் சாப்பிட்ட சற்று நேரத்திலேயே தடிப்பு, வாந்தி என்று காட்டிவிடும், அதற்கான பரிசோதனையும் வேறு. சீலியாக்கை ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளை வைத்தும் குடலின் சிதைவை வைத்தும்தான் உறுதிசெய்கிறார்கள். குளூட்டனை நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறையும், குடல் ஆறும். பிள்ளைக்கு நல்லதுதான், ஆனால் சாட்சி அழிந்துவிடும். பிறகு ஒரு யூகத்தை நம்பி ஆயுசு முழுக்கப் பத்தியம் இருக்க வேண்டிவரும்.

டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருளோடு, அது சேர்ந்த ஐ.ஜி.ஏ. வகை எதிர்ப்பொருளின் மொத்த அளவையும் சேர்த்துப் பார்த்தார்கள். சிலருக்கு ஐ.ஜி.ஏ.வே சுரக்காது, அவர்களுக்கு முதல் பரிசோதனை பொய் சொல்லிவிடும். மகளுக்கு மொத்த அளவு சரியாக இருந்தது. டி.டி.ஜி. வரம்பைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். "ஆறு வாரம் திரும்பக் கோதுமை கொடுங்க. தினமும் ஒரு வேளைக்கு மேல் இருக்கணும். வாரா வாரம் எடை பார்ப்போம்" என்றார்.

அந்த ஆறு வாரத்தைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. ஆகாது என்று தெரிந்தே, தேறிவந்த பிள்ளையின் வாயில் ஸ்பூனை வைக்க வேண்டும். எட்டாம் நாள் வயிறு உப்பியது. பத்தாம் நாள் பழைய மலம். கணவர் அவள் சாப்பிடும் நேரத்தில் அந்த அறைக்கே வரமாட்டார். அந்த ராத்திரிகளில்தான் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவரைப் பற்றிப் படித்தேன். கோதுமைதான் இந்தப் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் ஊரே வாடியபோது, சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-இல் இதை ஆய்வேடாகவே எழுதினார். அவர் பஞ்சத்தில் கண்டதை நான் அடுப்படியில் செய்துகொண்டிருந்தேன்.

மறு ரத்தத்தில் டி.டி.ஜி. வரம்பைப்போல் ஆறு மடங்கு. பத்து மடங்குக்குப் போய், இன்னொரு ரத்த மாதிரியில் ஈ.எம்.ஏ. என்ற மற்றோர் எதிர்ப்பொருளும் தெரிந்தால், குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப்பி இல்லாமலே உறுதிசெய்ய இப்போது வழி இருக்கிறது. எங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

எண்டோஸ்கோப்பிக்கு நான் பயந்த அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. வெறும் வயிறு, மயக்க மருந்து, இருபது நிமிடம். சிறுகுடலின் தொடக்கத்தில் சில இடங்களில் துளித் துளியாகச் சதை எடுத்தார்கள். அவள் விழித்ததும் கேட்டது தண்ணீர், அப்புறம் என்னை. முடிவில், உணவை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தட்டையாகிப்போனது தெரிந்தது. பூத்துவாலை தேய்ந்து வழவழவென்று ஆனால் ஈரம் இழுக்காதே, அந்த நிலைமை.

அன்றுதான் கேட்டேன், என் பால்தான் காரணமா என்று. இல்லை என்றார். தாய் சாப்பிடும் கோதுமையின் சிறு துணுக்குகள் பாலில் வரலாம்; ஆனால் தாய் அதை நிறுத்துவதால் இந்த நோய் வராமலும் இருக்காது, வந்தது தீரவும் தீராது. எத்தனை மாதம் பால் கொடுத்தோம் என்பதும், 4 மாதம் முடிந்து 12 மாதத்துக்குள் குளூட்டனை எப்போது தொடங்கினோம் என்பதும் இதைத் தடுத்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை என்றார். தாயின் சாப்பாடு கணக்கில் வருவது பசும்பால் புரத ஒவ்வாமை போன்றவற்றில். அங்கேயும் மருத்துவர் சொல்லி, இரண்டு முதல் நாலு வாரம் நிறுத்திப் பார்த்து, திரும்பச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். கால்சியத்துக்கு மாற்றும் வேண்டும். என்னைப் போல எல்லாவற்றையும் கழித்துக்கொண்டே போகக் கூடாது.

வீட்டுக்கு வந்து கோதுமை மாவுச் சல்லடை, மரக்கரண்டி, டோஸ்டர் எல்லாவற்றையும் தனியே ஒதுக்கினோம். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தாலே அந்தப் பொருளில் "குளூட்டன் இல்லாதது" என்று போடக் கூடாது. ஒரு ரொட்டித் துகள் என்பது அந்தக் கணக்கில் சின்ன விஷயம் இல்லை. அரிசி, சோளம், சிறுதானியம், பருப்பு, காய், முட்டை எல்லாம் இயல்பிலேயே ஆகும். மாட்டிக்கொண்டது மால்ட்டில்தான், பார்லியிலிருந்து வருவது என்று தெரியாமல் ஒரு மாதம் சத்துமாவு பானம் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று, விளையாட்டுக் களிமண். சிலவற்றில் கோதுமை மாவு இருக்கிறது, இவளோ எதையும் வாயில் வைக்காமல் விடமாட்டாள். குடல் ஆறும்வரை பால் சர்க்கரை செரிக்காமல் போகலாம் என்பதால் முதல் சில வாரம் பால் பொருட்களைக் குறைத்துக்கொண்டோம். தாய்ப்பாலை நிறுத்தவில்லை.

நெருங்கிய ரத்த உறவுகளையும் பரிசோதிக்கச் சொன்னார்கள். கணவருக்கு இல்லை. எனக்கு இருந்தது. என் பால் காரணமில்லை என்று கேட்ட நாளே நான் கோதுமைக்குத் திரும்பியிருந்ததால் ரத்தத்திலேயே தெளிவாகத் தெரிந்தது; எண்டோஸ்கோப்பியும் அதையே சொன்னது. மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை எனக்குப் பத்து வருஷமாக உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு வருவதுதான் என்று எல்லோரும் சொல்ல, கல்யாணத்துக்கு முன்பே இருந்தது எனக்கே மறந்துபோயிருந்தது.

இந்த முறை நானாக எதையும் கழிக்கவில்லை. உணவியல் நிபுணர் எழுதித் தந்த பட்டியல், இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி எல்லாம் மருத்துவக் கணக்கோடு. பால் கொடுத்துக்கொண்டே ஏழு மாதத்தில் 5 கிலோ ஏறினேன்.

மகளுக்கு இப்போது இரண்டரை வயது, 11.6 கிலோ. அவளுடைய டி.டி.ஜி. போன மாதம் இயல்புக்கு வந்துவிட்டது. என்னுடையது பாதிக்கு இறங்கி நிற்கிறது. பெரியவர்களுக்கு மெதுவாகத்தான் ஆறும் என்கிறார் மருத்துவர். அடுத்த ரத்தம் ஆறு மாதம் கழித்து, இரண்டு பேருக்கும் ஒரே நாளில்.